கெக்கோ ஸ்டார்ட்டர் கிட்: தொட்டிக்கு மட்டும் ரெண்டு ஸ்டார்

லெப்பர்ட் கெக்கோ (வீட்டுல வளர்க்கற ஒரு பல்லி வகை) வளர்க்க 'எல்லாம் உள்ளயே இருக்கு'ன்னு போட்டு விக்கிறாங்களே அந்த கிட் பத்தி எழுதறேன், பேர் வேணாம், நாலஞ்சு கம்பெனி கிட்டத்தட்ட இதே சாமானத்தான் போட்டு விக்கிறாங்க (நான் இருக்கறது யூகே). அஞ்சுக்கு ரெண்டு ஸ்டார், அதுவும் கண்ணாடித் தொட்டிக்குத்தான்.

தொட்டில முன்னாடி கதவு இருக்கறது உண்மையிலேயே நல்ல விஷயம், மேல இருந்து கை வந்தா கெக்கோ பருந்து வந்த மாதிரி மிரண்டு சில சமயம் வாலையே கழட்டிப் போட்டுடும். ஆனா 45 செமீ உயரம் எதுக்குங்க? இது நம்ம வீட்டுப் பல்லி இல்ல, காலுல ஒட்டுற பட்டை கிடையாது, கண்ணாடில ஏறாது. தரையில நடக்கற ஜீவன், அந்த உயரத்தை நீளமா கொடுத்திருக்கலாம்.

பெரிய கடுப்பு தரையை சூடாக்கற ஹீட் மேட்தான். தெர்மோஸ்டாட் (சூட்டை அளவோட நிறுத்தற கருவி) இல்லாம தர்றாங்க! கண்ட்ரோல் இல்லாத மேட் 40 டிகிரிய சாதாரணமா தாண்டும், இது வயித்தை தரையில வச்சு சூடு ஏத்திக்கிற பிராணி, வயிறு வெந்துடும். கூட வர்ற வட்ட தெர்மாமீட்டர கண்ணாடில மேல ஒட்டச் சொல்றாங்க, அது அங்க காத்தோட சூட்டைத்தான் காட்டும், தரை கொதிச்சாலும் தெரியாது. புரோப் (வயர் நுனில சென்சார்) வச்ச டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கி சூடான பக்கத்து குகைக்குள்ள தரையிலயே வைங்க, 31-33 இருக்கணும், எதிர்ப்பக்கம் 24-26 போதும்.

அடுத்து கால்சியம் மணல். லெப்பர்ட் கெக்கோ ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் பக்கம் கல்லும் இறுகின மண்ணுமா இருக்கற இடத்துல வாழறது, மணல் மேட்டுல இல்ல. மணல்ல கால்சியம் இருக்குன்னு இது நக்கித் தின்னு குடல் அடைச்சுக்கும், அப்புறம் டாக்டர் செலவு தனி. புதுசா வந்தப்போ கிச்சன் பேப்பர் போடுங்க, ஆய் எப்படி போகுதுன்னு தெரியும், பிறகு ஸ்லேட் டைல்.

குகை ஒண்ணே ஒண்ணு கொடுத்திருக்காங்க, மூணு வேணும். சூட்டுல ஒண்ணு, குளிர்ச்சில ஒண்ணு, ஈரப் பாசி போட்டது ஒண்ணு. மூணாவது கடையில வாங்க வேணாம், சாப்பாட்டு டப்பால ஓட்டை போட்டா ஆச்சு. இது இல்லன்னா தோல் உரியும்போது விரல்ல சுத்திக்கிட்டு ரத்த ஓட்டம் நின்னு விரலே விழுந்துடும், கடையில விரல் இல்லாத கெக்கோ பாத்திருப்பீங்க, காரணம் பெரும்பாலும் இதான்.

கால்சியம் பவுடர் ஒரு சின்ன சாஷே, பேருக்கு. தீனியா போடற கிரிக்கெட் பூச்சில கால்சியத்தை விட பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம், பவுடர் தூவாம போட்டுக்கிட்டே இருந்தா தாடை ரப்பர் மாதிரி ஆகி கால் வளைஞ்சுடும். வைட்டமின் டி3 கலந்த பவுடரும் கலக்காததும் ரெண்டும் வேணும். கிட்டோட வந்த சிவப்பு பல்ப தூக்கிப் போட்டுட்டு ஆர்க்கேடியா ஷேட்டுவெல்லர் 7% யூவிபி (வெயில்ல இருக்கற புற ஊதா ஒளி) ட்யூப் வாங்கினோம், அதுக்கு வேணா முழு அஞ்சு ஸ்டார் தரேன்.

கடைக்காரர்கிட்ட மணலுக்கு பதிலா தெர்மோஸ்டாட் தாங்க, வித்தியாசப் பணம் தரேன்னு கேட்டேன், கிட்டைப் பிரிச்சு தரமாட்டோம்னுட்டாங்க. தொட்டிய மட்டும் செகண்ட் ஹேண்ட்ல பாருங்க, மிச்சத்தை தனித்தனியா வாங்கிக்கலாம்.