மாட் செய்யலாமா? 3டிஎஸ், வீட்டா, ஸ்விட்ச் – மூன்றுக்கும் மூன்று பதில்

கையடக்க கேம் கன்சோலை மாட் செய்யலாமா, அதாவது நிறுவனம் அனுமதிக்காததையும் செய்யும்படி அதை மாற்றலாமா என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அதில் இன்னும் ஆன்லைனில் விளையாடுகிறீர்களா? கன்சோல் ‘பிரிக்’ ஆகிவிடுமோ, வேலையே செய்யாத செங்கல்லாகிவிடுமோ என்றுதான் எல்லோருக்கும் பயம். எனக்கு அதைவிட, நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆன்லைன் கதவு சாத்தப்படுவதுதான் பெரிய பயம்.

நின்டெண்டோ 3டிஎஸ்-இல் அந்தக் கதவு ஏற்கெனவே சாத்தப்பட்டுவிட்டது. அதன் ஆன்லைன் கடையான இ-ஷாப்பில் புதிதாக வாங்குவது 2023 மார்ச்சில் நின்றது, ஆன்லைன் ஆட்டம் 2024 ஏப்ரலில். மாட் செய்ததற்காக நின்டெண்டோ இனி தடை விதித்தாலும் இழக்கப் பெரிதாக ஒன்றுமில்லை. வேலையும் சுலபம்: கன்சோலின் உள்பாகம் எதையும் தொட வேண்டாம், எஸ்டி கார்டில் சில கோப்புகளைப் போட்டாலே போதும். வேறு பகுதியில் விற்ற கேட்ரிட்ஜ்கள் ஓடும், கேம் சேவ்களைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளலாம். நேண்ட் பேக்கப் (கன்சோலின் உள் நினைவகத்தின் முழு நகல்) எடுக்கும்போது மட்டும் பொறுமை வேண்டும். திரையில் முன்னேற்றம் காட்டும் கோடு நகரவே இல்லை என்று நடுவில் அணைத்துவிடாதீர்கள்.

சோனியின் பிளேஸ்டேஷன் வீட்டாவின் கதை வேறு. சோனி அதற்கென்றே தனி மெமரி கார்டு வைத்தது. பெரியதே 64 ஜிபிதான். 2016இல் வீட்டாவை மாட் செய்யும் ஹென்காகு மென்பொருள் வந்த பிறகு, கேம் கார்டு செருகும் இடத்தில் ஓர் அடாப்டரை வைத்து சாதாரண மைக்ரோ எஸ்டி கார்டைப் போட வழி பிறந்தது. பழைய வீட்டாவை வைத்திருப்பவருக்கு இது ஒன்றே போதுமான காரணம். ஆனால் அடாப்டர் இருக்கும்வரை கேம் கார்டு போட முடியாது. கார்டாகவே சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு எரிச்சல்தான்.

அப்புறம் நின்டெண்டோவின் ஸ்விட்ச். இங்கேதான் நிதானிக்க வேண்டும். 2018 ஏப்ரலில் அதன் டெக்ரா சிப்பில் ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளியானது. அது பூட்-ராமில், அதாவது கன்சோல் ஆனதும் முதலில் ஓடும், சிப்பிலேயே மாற்ற முடியாதபடி பதிந்த நிரலில் இருந்ததால், விற்றுப்போன கன்சோல்களில் அப்டேட் அனுப்பி அடைக்க வழியில்லை. வலது ஜாய்-கான் (கழற்றி மாட்டும் கைப்பிடி) நுழையும் தண்டவாளத்தின் அடியில் ஒரு பின்னை ஷார்ட் செய்து, வால்யூம் கூட்டும் பட்டனோடு பவரை அழுத்தினால் உள்ளே போய்விடலாம். பின்னர் வந்த மாடல்களில், ஓலெட் உட்பட, அந்த வழி அடைபட்டுவிட்டது. அவற்றில் உள்ளே போக, மாட் சிப் என்ற தனிச் சிப்பை போர்டில் சாலிடர் செய்தாக வேண்டும். கடுகளவு கெப்பாசிட்டர்மேல் மயிரிழை போன்ற கம்பி. கை நடுங்கினால் போர்டே போச்சு. பழகாதவர் இதைத் தொடவே வேண்டாம் என்பேன்.

சரி, பழைய மாடல்தானே என்று இறங்கினாலும் நின்டெண்டோ கண்டுபிடித்தால் தடை அந்தக் கன்சோலுக்கே. கணக்கை மாற்றினாலும் அது நீங்காது. கேட்ரிட்ஜ் ஓடும், ஆன்லைன் கிடையாது. சிஸ்டத்தின் நகலை எஸ்டி கார்டில் வைத்து, மாட் எல்லாவற்றையும் அதில் மட்டும் செய்து, அசலைத் தொடாமல் விடும் ஈமுஎம்எம்சி முறை ஓரளவு காக்கும். நகலில் இருக்கும்போது மறந்துபோய் ஆன்லைனுக்குப் போனால் அதுவும் காக்காது.

லாபம் இல்லாமல் இல்லை. நின்டெண்டோவின் கிளவுட் சேவ் சந்தா கட்டினால்தான் கிடைக்கும், கட்டினாலும் சில கேம்களுக்குக் கிடையாது. மாட் செய்த ஸ்விட்சில் எல்லா கேம் சேவ்களையும் நகலெடுக்கலாம். வாங்காத கேமை இறக்குவதை நான் லாபக் கணக்கில் சேர்க்கவில்லை, அது திருட்டு.

என் ஸ்விட்சை நான் தொடவில்லை, 3டிஎஸ்-ஐ யோசிக்காமல் செய்தேன். பழைய ஸ்விட்ச் ஒன்றை மாட் செய்வதற்கென்றே வாங்குவதாக இருந்தாலும், காசு கொடுக்கும் முன் இ-ஷாப்பைத் திறந்து பாருங்கள். தடைபட்ட கன்சோல் அங்கேயே பிழைச் செய்தி காட்டிவிடும்.