சென்னை வெயிலுக்கு ஏர் கூலரா, ஏசியா?

விலையைப் பார்த்தால் கூலர் பக்கம்தான் மனசு போகும். கரன்ட் பில்லும் குறைவு. ஆனால் கூலர் குளிர்விப்பது தண்ணீர் ஆவியாவதால்தான். வேலூரில் மே மாதப் பகலில் காற்று காய்ந்து கிடக்கும். அங்கே ஜில்லென்று வீசும். மயிலாப்பூர், பெசன்ட் நகர் பக்கம் அது எடுபடாது. மதியம் கடற்காற்று உள்ளே வந்ததும் ஈரப்பதம் ஏறிவிடும், தண்ணீர் ஆவியாவது மந்தமாகிவிடும். ஜன்னலைச் சாத்திவிட்டுக் கூலர் போட்டால் ராத்திரி தலையணை உறைகூடப் பிசுபிசுக்கும், வியர்வை காயவே காயாது. (ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும் என்று கடைக்காரர் பெரும்பாலும் சொல்வதில்லை.)

ஏசி சூட்டோடு ஈரத்தையும் இழுத்துவிடும். வெளியே குழாயில் சொட்டுவது அந்த ஈரம்தான். 26-ல் வைத்து ஃபேனை மெதுவாக ஓடவிட்டால் போதும். 18 வெட்டிச் செலவு.

கடற்காற்று தாமதமாகி, மேற்கிலிருந்து அனல் அடிக்கும் நாளில் கூலரும் நன்றாகவே உழைக்கும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. அந்த மாதிரி வெயிலில் வெறும் ஃபேன் அனலைத்தான் மேலே அள்ளிப் போடும். வீட்டில் வயதானவர்களோ கைக்குழந்தையோ இருந்தால் ஒரே ஒரு அறைக்காவது ஏசி போடுங்கள். கரன்ட் போனால் ஈரத்துணி, விசிறி, உப்புப் போட்ட மோர்.