செய்தியா, விளக்கமா: தனி ஆளாகத் தொழில்நுட்பம் எழுத எது தாங்கும்?

வேலைக்குப் போய்க்கொண்டே தொழில்நுட்பமும் எழுத நினைக்கிறவருக்கு முன்னால் பெரும்பாலும் இரண்டு வழிகள்தான் இருக்கின்றன. ஒன்று, அன்றன்றைய செய்தி: புதுக் கைபேசி, புதுப் பதிப்பு, யார் யாரை வாங்கினார்கள், எந்தச் சேவை படுத்துவிட்டது. மற்றது விளக்கம்: இது எப்படி வேலை செய்கிறது, இதை எப்படிச் செய்வது. நான் இரண்டையும் எழுதிப் பார்த்தவன். இப்போது விளக்கம் மட்டும்தான் எழுதுகிறேன். அதனால் இந்த ஒப்பீடு எந்தப் பக்கம் சாயும் என்பதில் ரகசியம் ஒன்றுமில்லை.

தெரிந்த சங்கதிகளை வேகமாகக் கடந்துவிடலாம். செய்தியை உடனே படிப்பார்கள், உடனே மறப்பார்கள். விளக்கம் மெதுவாகத்தான் பிடிக்கும், ஆனால் நாள்பட நிற்கும். செய்தி எழுத ஒரு மணி நேரம் போதும். ஒழுங்கான விளக்கம் ஒரு வார இறுதியைச் சாப்பிட்டுவிடும். இதெல்லாம் எழுதிப் பார்க்காதவர்களுக்கும் தெரியும்.

செய்தியின் பக்கம் ஒரு பெரிய வசதி உண்டு, அதைச் சொல்லாமல் போனால் நியாயமில்லை. 'இந்த வாரம் எதை எழுதுவது' என்ற திணறலே அதில் வராது. மைக்ரோசாஃப்ட் 2003-லிருந்து ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாயன்று பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிடுகிறது. லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டுவின் புதுப் பதிப்பு ஏப்ரலிலும் அக்டோபரிலும் வரும். புது ஐபோன் பெரும்பாலும் செப்டம்பரில் வரும். தொடர்ந்து எழுதும் பழக்கம் இன்னும் கைவராதவருக்கு இந்தத் தாளம் நல்ல துணைதான்.

சிக்கல் என்னவென்றால், அந்த நாள்காட்டி உங்களைக் கேட்டுப் போட்டதல்ல. அறிவிப்பு வருகிற நேரத்தில் நீங்கள் அலுவலகத்தில் இருப்பீர்கள், அல்லது தூங்கிக்கொண்டிருப்பீர்கள். பெரிய தளங்களின் கையில் கருவி முன்பே வந்து சேர்ந்திருக்கும். இன்ன மணிக்கு முன்னால் வெளியிடக் கூடாது என்ற ஒப்பந்தத்தோடு அவர்களுடைய மதிப்புரையும் தயாராகக் காத்திருக்கும். அந்த மணி அடித்ததும் எல்லாம் ஒன்றாக வந்து விழும். அவற்றைப் படித்துவிட்டு நீங்கள் எழுதுவது நிறுவனத்தின் செய்திக்குறிப்பைச் சுருக்கித் தருவதாகத்தான் முடியும். நடுவில் இரண்டு வாரம் உடம்புக்கு முடியாமல் போனால் விட்ட செய்தி விட்டதுதான். விளக்கக் கட்டுரை இரண்டு வாரம் தள்ளிப்போனால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

இவ்வளவும் இருந்தாலும், என் முடிவைத் தீர்மானித்தது இவையல்ல. பராமரிப்புதான் தீர்மானித்தது. அதைக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் முதல் பார்வையில் அந்தக் கணக்கு செய்திக்குத்தான் சாதகமாகத் தெரியும்.

செய்திக்குப் பராமரிப்பே கிடையாது. வலைப்பதிவுகளை ஒரே இடத்தில் திரட்டித் தந்த கூகுள் ரீடர் 2013 ஜூலை 1-ல் மூடப்படுகிறது என்று அன்றைக்கு எழுதியது இன்றைக்கும் சரி, இன்னும் இருபது ஆண்டு கழித்தும் சரி. தேதி போட்டாயிற்று, முடிந்தது. விளக்கம் அப்படியல்ல. அது இன்றைக்கும் பலிக்கும் என்று நம்பித்தான் ஒருவர் தேடி வருகிறார். பலிக்காவிட்டால் அவருடைய அரை நாள் போகிறது. உங்கள் மேல் இருந்த நம்பிக்கையும் சேர்ந்து போகிறது. 'ஒருமுறை உழைத்து விளக்கம் எழுதிவிட்டால் காலத்துக்கும் பலன்' என்று நிறையப் பேர் அறிவுரை சொல்வார்கள். பாதி உண்மை.

எந்தப் பாதி என்பதற்கு, நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவியான கிட்டின் அறிமுகக் கட்டுரையை எடுத்துக்கொள்கிறேன். நிரல் எழுதுகிறவர்கள் எல்லாருமே ஏதோ ஒரு கட்டத்தில் படித்திருக்கக்கூடிய வகை அது. அதில் மூன்று அடுக்குகள் இருக்கும். மேலே, 'இந்தத் தளத்துக்குப் போ, இந்த பட்டனை அழுத்து' என்கிற ஸ்க்ரீன்ஷாட் வரிசை. நடுவில், 'இந்தக் கட்டளையை அப்படியே அடி' என்கிற பகுதி. அடியில், கமிட் என்றால் என்ன, பிராஞ்ச் என்றால் என்ன என்கிற கருத்து.

கிட் களஞ்சியங்களை, அதாவது கோப்புகளையும் அவற்றின் மாற்ற வரலாற்றையும், இணையத்தில் வைத்துக்கொள்ளும் தளமான கிட்ஹப் 2020 அக்டோபரிலிருந்து, புதிதாகத் தொடங்கும் களஞ்சியங்களின் முதல் பிராஞ்சுக்கு 'மாஸ்டர்' என்பதை விட்டுவிட்டு 'மெயின்' என்று பெயர் வைக்க ஆரம்பித்தது. பழைய கட்டுரையைப் பார்த்து 'மாஸ்டர்' என்று அடித்த புதியவருக்கு அப்படியொரு பிராஞ்சே இல்லை என்ற பிழைதான் கிடைத்தது. 2021 ஆகஸ்ட் 13 முதல், கட்டளை வரியில் கணக்கின் கடவுச்சொல்லை ஏற்பதையும் கிட்ஹப் நிறுத்திவிட்டது. கடவுச்சொல்லுக்குப் பதிலாகத் தளம் உருவாக்கித் தரும் டோக்கன் வேண்டும், அல்லது உங்கள் கணினியில் வைத்திருக்கும் எஸ்எஸ்எச் சாவிக் கோப்பு வேண்டும். 'இப்போது உங்கள் கடவுச்சொல்லைக் கொடுங்கள்' என்று சொல்லிக்கொண்டிருந்த அத்தனை கட்டுரைகளும் ஒரே நாளில் காலாவதி. ஸ்க்ரீன்ஷாட்டுகளின் கதி சொல்லவே வேண்டாம். பக்கத்தின் தோற்றம் மாறும்போதெல்லாம் அவையும் பழசாகும்.

அடியடுக்கு? கமிட் என்பது அந்த நேரத்தில் கோப்புகள் எல்லாம் எப்படி இருந்தன என்ற முழு நிலை, கூடவே இதற்கு முந்தைய கமிட் எது என்ற குறிப்பு. பிராஞ்ச் என்பது ஒரு கமிட்டின் 40 எழுத்து அடையாளத்தைத் தாங்கிய குட்டிக் கோப்பு. அவ்வளவுதான். உங்கள் கணினியில் புதிதாக ஒரு பிராஞ்ச் உருவாக்கிவிட்டு, கிட்டின் மறைகோப்புறைக்குள் போய் அந்தக் கோப்பைச் சாதாரண எடிட்டரில் திறந்தே பார்க்கலாம். உள்ளே ஒரே ஒரு வரி இருக்கும். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் உருவாக்கிய கருவி கிட். இந்தப் பகுதியை 2010-ல் எழுதியிருந்தாலும் இன்று அதில் கைவைக்க வேண்டிய அவசியம் வராது. இதைப் புரிந்துகொண்டவரை 'மாஸ்டர்' 'மெயின்' ஆனதும் பெரிதாகக் குழப்பாது. ஒரு குட்டிக் கோப்பின் பெயர் மாறியிருக்கிறது, வேறொன்றும் நடக்கவில்லை.

ஆக, விளக்கம் என்று பொதுவாகச் சொல்வதற்குள்ளேயே இரண்டு போட்டியாளர்கள் இருக்கிறார்கள். 'எப்படிச் செய்வது' என்பதற்குப் பராமரிப்புச் செலவு மிக அதிகம், பல நேரம் செய்தியை விரட்டுவதைவிடவும் அதிகம். 'ஏன் இப்படி' என்பதற்கு அது ஏறக்குறைய இல்லை. ஒருவர் பழைய கட்டுரைகளைத் திருத்தித் திருத்தியே களைத்துப்போய் எழுதுவதை நிறுத்தினால், அவர் கைவசம் இருப்பது பெரும்பாலும் முதல் வகையாகத்தான் இருக்கும்.

அதற்காக முதல் வகையைக் கைகழுவிவிட முடியாது. தேடி வருகிறவர்களில் பெரும்பாலோர் 'எப்படி' என்று கேட்டுத்தான் வருகிறார்கள். நான் செய்வது இரண்டையும் கலக்காமல் பிரித்து வைப்பது. மாறாதது கட்டுரையின் உடம்பு. மாறுவது தனியாக, குட்டியாக, ஒரே இடத்தில் இருக்கும். அதன் தலையில் எந்தப் பதிப்பில், எந்த மாதம் செய்து பார்த்தது என்று ஒரு வரி. திருத்த வேண்டி வந்தால் கட்டுரை முழுவதையும் துழாவ வேண்டியதில்லை. ஸ்க்ரீன்ஷாட்டை மிக மிக அவசியம் என்றால்தான் சேர்ப்பேன். எழுத்தில் இருப்பதை ஒரு வரியில் மாற்றிவிடலாம். படமென்றால் மறுபடி எல்லாவற்றையும் நிறுவி, அதே நிலைக்குக் கொண்டுவந்து, எடுத்து, வெட்டி ஒட்ட வேண்டும். படத்துக்குள் இருக்கிற கட்டளையை யாரும் நகலெடுக்கவும் முடியாது, திரைவாசிப்பான் வைத்துப் படிப்பவருக்கு அது கேட்கவும் கேட்காது.

எப்போது திருத்துவது என்பதற்கு நான் செய்திக்காரர்களின் நாள்காட்டியையே கடன் வாங்கிக்கொள்கிறேன். உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஏப்ரலில் வருகிறது, ஐந்து ஆண்டுக்குத் திருத்தங்கள் கிடைக்கும். அது வந்த மாதம் சர்வர் பற்றிய கட்டுரைகளை எடுத்துப் பார்த்தால் போதும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடியும் என்பது பல ஆண்டுகளுக்கு முன்பே சொல்லப்பட்டதுதான். நிரல்மொழியான பைத்தானின் 2-ஆம் பதிப்புக்கு 2020 ஜனவரி 1 என்பதும் அப்படியே. இந்தத் துறையில் பெரும்பாலான சாவுகள் முன்னறிவிப்போடுதான் வருகின்றன. எழுதும்போதே கட்டுரைக்குப் பக்கத்தில் காலாவதித் தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளலாம். இனி தேறாது என்று தெரிந்ததை அழிப்பதில்லை. 'இது பழைய பதிப்புக்கானது' என்று மேலே ஒரு வரி சேர்த்து, அதே முகவரியில் விட்டுவிடுகிறேன். யாரோ எங்கோ அதற்கு இணைப்புக் கொடுத்திருப்பார்கள்.

வாசகர் ஈடுபாடு என்று பார்த்தால், எண்ணிக்கையில் செய்திதான் ஜெயிக்கும். ஆனால் வருவது எது என்று பாருங்கள். புதுக் கைபேசியைப் பற்றி எழுதினால் 'வாங்கலாமா, வேண்டாமா' என்று கேட்பார்கள், பிறகு ஆண்ட்ராய்டு கட்சியும் ஐபோன் கட்சியும் அடித்துக்கொள்ளும். விளக்கத்துக்கு வருவது நாலே நாலு மடலாக இருந்தாலும், 'மூன்றாவது படியில் இந்தப் பிழை வருகிறது' என்று வரும். அதுதான் அடுத்த கட்டுரை. எழுத விஷயம் கிடைக்காமல் நின்றுபோவதுதான் தொடர்ச்சிக்கு முதல் எதிரி என்றால், அந்த நாலு மடல்தான் மருந்து.

அப்படி வந்த ஒரு கேள்வி: படிவத்தில் தமிழில் பெயர் அடித்தால், நீளமான பெயர்களின் கடைசியில் மட்டும் கேள்விக்குறி போட்ட கட்டம் வருகிறது, ஏன்? ஆங்கிலப் பெயர்களுக்கு வரவில்லை. காரணம் எளிது. நிரலில் எங்கோ ஓரிடத்தில் பெயரின் நீளத்தை எழுத்தாக எண்ணாமல் பைட்டாக, அதாவது கணினியின் சேமிப்பு அலகாக, எண்ணி வெட்டியிருக்கிறார்கள். எழுத்துகளைப் பைட்டுகளாக மாற்றிச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8-ல் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழில் 'க'-வுக்கு மூன்று பைட். 'கி' நமக்கு ஓரெழுத்து, கணினிக்கு 'க' ஒன்று, இகரக் குறி ஒன்று, ஆக ஆறு பைட். இருபதாவது பைட்டில் கத்தி விழுந்தால் ஓரெழுத்தின் நடுவில்தான் விழும். மிஞ்சிய துண்டுக்குப் பொருள் இல்லாததால் கட்டம் வருகிறது. கணினியாளர்கள் கென் தாம்ப்சனும் ராப் பைக்கும் 1992-ல் வகுத்த முறைதான் யூடிஎஃப்-8. அந்தக் கட்டுரையை நான் இதுவரை திருத்த வேண்டி வந்ததில்லை, அதைப் படித்துவிட்டு வருகிற கேள்விகள் மட்டும் நிற்கவில்லை.

செய்தியை அடியோடு ஒதுக்குகிறேன் என்று அர்த்தமில்லை. 2021 அக்டோபர் 4-ல் ஃபேஸ்புக்கும் அதோடு வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும் ஆறு மணி நேரம் போல முடங்கின. அன்றே 'முடங்கியது' என்று எழுதியவர்களை மறுநாள் யாரும் படித்திருக்க மாட்டார்கள். மறுநாள் நிறுவனமே காரணத்தை வெளியிட்டது. பராமரிப்பு வேலையின்போது கொடுத்த ஒரு கட்டளை அவர்களுடைய தரவு மையங்களை இணைக்கும் முதுகெலும்பைத் துண்டித்துவிட்டது. தரவு மையங்களை எட்ட முடியாததைக் கண்ட டிஎன்எஸ் சர்வர்கள் (தளத்தின் பெயரைக் கேட்டால் அதன் இணைய முகவரியைச் சொல்பவை), வடிவமைக்கப்பட்டபடியே, 'எங்களிடம் வர இதுதான் வழி' என்று வலையமைப்புகள் ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்ளும் முறையான பிஜிபி மூலம் இணையத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்ததை நிறுத்திக்கொண்டன. பெயரைக் கேட்டால் முகவரி சொல்ல ஆள் இல்லை. இதை ஒரு வாரம் தாமதமாக எழுதியவருக்கு உறுதியான தகவல் கையில் இருந்தது, பிஜிபி என்ன, டிஎன்எஸ் என்ன என்று விளக்க ஊரே அறிந்த உதாரணமும் இருந்தது. செய்தியை இப்படிக் கதவாக மட்டும் வைத்துக்கொள்வது எனக்குப் பிடித்திருக்கிறது. 2024 மார்ச்சில் மென்பொருள் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை வினாடி தாமதமாவதைத் துருவிப்போய் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் நிரல் நூலகத்தில் திருட்டுத்தனமாக நுழைய ஒளித்து வைத்த பின்வாசலைக் கண்டுபிடித்ததும் இந்த வகைக் கட்டுரைக்கென்றே நடந்த மாதிரி ஒன்று.

குறித்த கிழமையில் வெளியிடுவதா, முடிந்தபோது வெளியிடுவதா என்பதைப் பெரிய விவாதமாக்குகிறார்கள். விளக்கம் எழுதுகிறவர் முடிந்த கட்டுரை ஒன்றிரண்டைக் கையிருப்பில் வைத்திருந்தால் கிழமை தானாக அமைந்துவிடும். செய்தி எழுதுகிறவருக்குக் கையிருப்பு வைக்க வழியே இல்லை.

இனி எனக்கு அனுபவம் குறைந்த இடங்கள். வீடியோ நான் செய்ததில்லை. வெளியான வீடியோவில் ஒரு வரியை மட்டும் மாற்ற முடியாது என்பதால் பராமரிப்புக் கணக்கு அங்கே இன்னும் மோசமாக இருக்கும் என்று தோன்றுகிறது, ஊகம்தான். வருமானத்தைப் பற்றியும் அடித்துச் சொல்ல மாட்டேன். விளம்பரத்தை நம்பி எழுதுகிறவருக்குச் செய்தியின் கூட்டம் தேவைப்படலாம். தேடுபொறிகள் இப்போது பக்கத்தின் உச்சியிலேயே தாமாக ஒரு பதிலைத் தந்துவிடுகின்றன. 'எப்படி' என்று கேட்டவர் அங்கேயே திருப்தியாகித் திரும்பிவிடுவார், 'ஏன்' என்று கேட்டவர் இன்னும் உள்ளே வருவார் என்பது என் எதிர்பார்ப்பு. அது பொய்க்கவும் கூடும்.

முழுநேரமாக எழுதுகிறவர், கூட இரண்டு பேர் இருக்கிறவர், நிறுவனத்துக்குள்ளிருந்து தகவல் சொல்ல ஆள் உள்ளவர் ஆகியோருக்குச் செய்திதான் சரி. தனி ஆளாக, அதுவும் செய்திதான் வேண்டும் என்றால், பரப்பைக் குறுக்கிக்கொள்ளுங்கள். எல்லாக் கைபேசியும் எல்லா நிறுவனமும் வேண்டாம். மாதாமாதம் வரும் விண்டோஸ் பாதுகாப்புத் திருத்தங்களில் எதை உடனே போட வேண்டும், எது காத்திருக்கலாம் என்பதை மட்டும் எழுதுகிறவருக்கு இரண்டாம் செவ்வாய்க்கு அடுத்த இரண்டு மூன்று மாலைகள் போதும். மற்ற நாட்களில் அவர் நிம்மதியாகத் தன் வேலையைப் பார்க்கலாம்.