உருஷியா, உளியா? எதை முதலில் கையில் எடுப்பது

ஜப்பானிய அரக்குப் பூச்சான உருஷி, உலோகச் செதுக்கலான சோகின் இரண்டிலும் ஆசை உள்ளவர்களுக்கு என் பரிந்துரை: செதுக்கலில் தொடங்குங்கள்.

உருஷி என்பது மரத்தின் பால். மற்ற பெயின்ட் போல அது காய்வதில்லை. ஈரக்காற்றில் அதிலுள்ள லாக்கேஸ் நொதி வேலை செய்து, பால் இறுகுகிறது. அதற்கு 20–30 டிகிரி வெப்பமும் 70–85 சதவீத ஈரப்பதமும் உள்ள, தூசி புகாத பெட்டி வேண்டும். தடிமனாகப் பூசினால் மேல்தோல் முந்தி இறுகிச் சுருங்கிவிடும். தேய்த்தெடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டியதுதான். போதாததற்கு அரிப்பு. உருஷியும் சேங்கொட்டையும் ஒரே குடும்பம், மாவும் அதே குடும்பம்தான். மாங்காய்ப் பால் பட்டாலே புண்ணாகும் தோல் என்றால் மிகவும் எச்சரிக்கை தேவை. நைட்ரைல் கையுறை கட்டாயம். தோலில் பட்டால் முதலில் சமையல் எண்ணெயால் துடைத்து, பிறகு சோப்பு போடுங்கள். தடிப்பு பெரும்பாலும் ஓரிரு நாள் கழித்தே எழும்பும்.

செதுக்கலில் தவறு அந்த நொடியே கண்ணில் படும். 2 மி.மீ. செம்புத் தகடு, சிறு சுத்தியல், இரண்டு மூன்று தகானே உளிகள், தகட்டைப் பதிக்க மட்சுயானி என்னும் பைன் பிசின் கலவை. நம் பக்கத்தில் குங்கிலியம், செங்கல் தூள், எண்ணெய் சேர்த்துக் காய்ச்சும் அரக்கும் இதே வேலையைச் செய்யும். நன்றாகச் சூடாக்கி மென்மையாக்கிய செம்பு உளியில் ஒட்டி இழுபடும். சற்று விறைப்பான தகடே சுத்தமாக வெட்டுப்படும்.

எல்லாமே உளியைத் தீட்டுவதில்தான் இருக்கிறது. முனையைக் கட்டைவிரல் நகத்தில் லேசாக வையுங்கள். வழுக்கினால் மழுங்கிவிட்டது, கடித்து நின்றால் கூர். உளியின் அடியில் மிகச் சிறிய குதிகால் போல ஒரு தீட்டு உண்டு. அது இல்லாவிட்டால் முனை தகட்டுக்குள் புதைந்து நிற்கும். பெரிதானால் வெட்டின் ஓரத்தை உரசி மங்கலாக்கும். நுனி அடிக்கடி உடைகிறதா? கோணம் மெலிந்திருக்கலாம், அல்லது பதம், அதாவது உளி எஃகின் கடினத்தன்மை, அதிகமாகியிருக்கலாம். எஃகின் மேல் வைக்கோல் நிறம் வரும்வரை சூடாக்கிப் பதத்தை இறக்குங்கள். சுத்தியலில் செலவிடும் நேரத்துக்குச் சமமாகத் தீட்டுகல்லிலும் உட்கார வேண்டும். முதல் மாதங்களில் அதற்கு மேலும்.

முதலில் கெபோரி, அதாவது சீரான மெல்லிய கோடு. அது வசப்பட்ட பிறகு கடகிரி: தட்டை உளியைச் சாய்த்து வெட்டும்போது ஒரு பக்கம் செங்குத்தாகவும் மறுபக்கம் சரிவாகவும் இறங்கி, கோடு தூரிகை இழுத்தது போலத் தடித்தும் மெலிந்தும் ஓடும். எடோவின் (இன்றைய டோக்கியோ) செதுக்குக் கலைஞர் யோகோயா சோமின் (1670–1733) பெயர் பெற்றது இதில்தான்.

பிறகு உருஷிக்கு வரலாம், அதுவும் செம்பின் வழியாகவே. செதுக்கிய தகட்டில் உருஷியை மெல்லியதாகத் தேய்த்து, சமையலுக்குப் பயன்படுத்தாத ஓவனில் 120 முதல் 150 டிகிரியில் சுட்டால் ஈரப்பெட்டி இல்லாமலே இறுகிவிடும். புகை வரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.