பெயர் தெரியாத மாத்திரையைப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள்

ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைவும் மிகைத் துறுதுறுப்பும் உள்ள பிள்ளைகளுக்குச் சிகிச்சை தேடும் பெற்றோர், கோயம்புத்தூரில் ஒரு தனியார் குழந்தை வளர்ச்சி மையத்தில் எங்கள் ஏழு வயது மகனுக்கு நேர்ந்ததை அறிந்திருக்க வேண்டும் என்று இதை எழுதுகிறேன்.

முதல் சந்திப்பிலேயே அவன் தலையில் மின்முனைகளைப் பொருத்தி, பெருந்தொகை வாங்கிக்கொண்டு ‘மூளை வரைபடம்’ எடுத்து, அந்த வண்ணப் படத்தைக் காட்டியே ஏடிஎச்டி உறுதி என்றார்கள். வகுப்பு ஆசிரியையிடம் எதுவும் கேட்கவில்லை. எடையையோ இரத்த அழுத்தத்தையோ பார்க்கவும் இல்லை. இந்தக் குறைபாட்டை உறுதிசெய்யும் ஸ்கேனோ இரத்தப் பரிசோதனையோ கிடையாது என்பதையும், அறிகுறிகள் வீடு, பள்ளி என இரண்டு சூழல்களிலாவது ஆறு மாதங்களுக்குக் குறையாமல் தென்பட வேண்டும் என்பதையும் பின்னர் நாங்கள் சென்ற குழந்தை மனநல மருத்துவர்தான் விளக்கினார்.

மையத்தில் கொடுத்த மாத்திரைகள் அட்டையிலிருந்து பிரிக்கப்பட்டு, எதுவும் எழுதாத காகித உறையில் இருந்தன. மூளைக்கான ஊட்டச்சத்து என்றார்கள். பெயரைக் கேட்டபோது, சட்டக் கட்டுப்பாடு இருப்பதால் வெளிக்கடைகளில் கிடைக்காது என்றார்கள். ஊட்டச்சத்துக்கு எதற்குச் சட்டக் கட்டுப்பாடு என்ற கேள்விக்குப் பதிலே வரவில்லை. ஏடிஎச்டிக்குப் பரவலாகத் தரப்படும் மெத்தில்ஃபெனிடேட் உண்மையிலேயே ‘அட்டவணை எக்ஸ்’ என்ற கடுமையான சட்டக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்து. அதற்கு மருத்துவர் இரண்டு படிகளில் சீட்டு எழுத வேண்டும், ஒரு படியைக் கடைக்காரர் இரண்டு ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும், பல கடைகளில் அது இருப்பதும் இல்லை. ஆனால் கட்டுப்பாடுள்ள மருந்துக்குக் கூடுதல் சீட்டு வேண்டுமே ஒழிய, சீட்டே இல்லாமல் கொடுப்பதற்கு அது காரணமாகாது.

மாத்திரை தொடங்கியபின் அவன் துறுதுறுப்பு அடங்கியது. மையத்தார் அதை முன்னேற்றம் என்றார்கள். அவனோ வகுப்பில் தூங்கி விழுந்தான். எவ்வளவு சாப்பிட்டும் பசி தீராமல், சில மாதங்களிலேயே சீருடை போதாத அளவுக்கு எடை கூடினான். மெத்தில்ஃபெனிடேட் பசியைக் குறைக்கும் மருந்து என்பதால், இந்த அடங்காப் பசியே, உறையில் இருப்பது வேறு மருந்தோ என்ற சந்தேகத்தை மனநல மருத்துவருக்கு எழுப்பியது. மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் வழங்க வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கழக நடத்தை விதிகள் கூறுகின்றன. அதைக் குறிப்பிட்டு எழுத்து மூலம் கேட்ட பிறகுதான் பெயர் வந்தது: ரிஸ்பெரிடோன். மனச்சிதைவுக்கும், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் கடும் எரிச்சலுக்கும் தரப்படும் மருந்து அது. தேவைப்படும் பிள்ளைகளுக்கு அதை மருத்துவர்கள் கவனத்துடன் தருவதை நான் குறை கூறவில்லை. பெற்றோரிடம் பெயரை மறைத்து, சத்து மாத்திரை என்று சொல்லி ஒரு குழந்தையின் வாயில் போடச் செய்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

புதிய மருத்துவர் அந்த மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். ஆசிரியைக்கும் எங்களுக்கும் தனித்தனி வினாப்பட்டியல் தந்தார். குடும்பத்தில் இதயநோய் உண்டா என்று விசாரித்தார். உயரம், எடை, நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் அனைத்தையும் குறித்த பின்னரே மெத்தில்ஃபெனிடேட்டை மிகக் குறைந்த அளவில் தொடங்கினார். அதற்கும் தொல்லை உண்டு: மதிய உணவு பாதி அப்படியே திரும்பி வருகிறது. அதனால் காலையில் வயிறு நிறையச் சாப்பிட்ட பின்னரே மாத்திரை தருகிறோம். மருந்தின் வேகம் தணிந்த மாலையில் இன்னொரு முறை உணவு கொடுக்கிறோம். இருந்தும் இந்தத் தொல்லை வரும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டது என்பதே எங்களுக்குப் பெரிய ஆறுதல்.

முன்பணமாகக் கட்டிய பயிற்சிக் கட்டணத்தை மையம் திருப்பித் தரவில்லை. தமிழ்நாடு மருத்துவக் கழகத்துக்கும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும் புகார் அனுப்பியிருக்கிறோம். உங்களிடமும் இப்படிப் பெயரில்லாத உறைகள் இருந்தால், பயத்தில் மாத்திரையை ஒரேயடியாக நிறுத்திவிடாமல், மீதமுள்ளவற்றை உறையோடும் பணம் கட்டிய ரசீதோடும் எடுத்துக்கொண்டு, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு உடனே செல்லுங்கள்.