−12: ஒரு சினிமா விக்கியில் எட்டு வருஷம்

போன வாரம் சித்தி மகன் தென்காசியிலிருந்து வந்திருந்தான். கடையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே கேட்டான்: “அண்ணே, அந்த சினிமா விக்கியில எழுதுதியளே, நானும் சேரட்டுமா?”

அவன் கேட்ட நேரம் சரியில்லை. அன்று காலைதான் கவனிப்புப் பட்டியலை (நான் பார்த்துக்கொள்ளும் பக்கங்களில் யார் என்ன மாற்றினார்கள் என்று காட்டும் பட்டியல்) திறந்து பார்த்து வயிறு எரிந்து உட்கார்ந்திருந்தேன். ஏழு பக்கங்கள், ஒன்றன்கீழ் ஒன்றாக, சிவப்பு எழுத்தில்: −12, −24, −12, −108. அவனுக்கு அன்று ஒரு வரியில் பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். முழுப் பதில் இது.

விக்கி என்றால் என்ன, ‘தொகு’ பொத்தான் எங்கே இருக்கிறது என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. நான் எழுதுவது தமிழ்ப் படங்கள், பாடல்கள், நடிகர்கள் பற்றி ரசிகர்களே சேர்ந்து எழுதும் ஒரு விக்கியில். பெயர் வேண்டாம், அங்கே இன்னும் நான் இருக்க வேண்டும். 2017இல் சேர்ந்தேன். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், கருமாதிக் கார்டு என்று நாள் முழுக்க அடுத்தவர் பெயரையும் ஊரையும் பிழையில்லாமல் அடிப்பதுதான் பிழைப்பு. ஊர்ப்பெயரில் ஓர் எழுத்து மாறினால் பத்திரிகைக் கட்டு முழுக்கத் திரும்பி வரும். அந்தப் பழக்கத்தில்தான் விக்கியிலும் தென்மாவட்டங்களில் படம் எடுத்த இடங்கள் பற்றிய பக்கங்களைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தேன்.

−12 என்றால் என்ன என்று சொல்கிறேன். பக்கத்தின் வரலாற்றில் ஒவ்வொரு தொகுப்புக்கும், அதாவது மாற்றத்துக்கும், அருகில் ஓர் எண் இருக்கும். எத்தனை பைட் கூடியது, எத்தனை குறைந்தது என்ற கணக்கு. கணினி எழுத்தைச் சேமித்துவைக்கும் யூ.டி.எஃப்-8 முறையில் தமிழ் எழுத்து குறியீட்டுக்கு மூன்று பைட் எடுக்கும். ‘திருநெல்வேலி’யில் மெய்யும் குறியுமாகப் பன்னிரண்டு குறியீடுகள், ஆக 36 பைட். ‘தென்காசி’யில் எட்டு, ஆக 24. திருநெல்வேலியை எடுத்துவிட்டுத் தென்காசியைப் போட்டால் சரியாகப் பன்னிரண்டு குறையும். ஒன்பது இடத்தில் போட்டால் −108. பக்கத்தைத் திறக்கவே வேண்டாம், எண்ணைப் பார்த்தாலே என்ன நடந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

2019 நவம்பர் 22இல் தென்காசி தனி மாவட்டம் ஆனது. அதிலிருந்து இதே கதைதான். யாரோ ஒருவர் வருகிறார். ‘திருநெல்வேலி’ என்று தேடுகிறார், ‘தென்காசி’ என்று மாற்றுகிறார், சேமிக்கிறார், போய்விடுகிறார். ஆறு மாதம் கழித்து இன்னொருவர். ஒரே ஆளாக இருந்தாலாவது பேசித் தீர்க்கலாம்.

அவர்கள் விஷமிகள் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். தனி மாவட்டம் வேண்டும் என்று அந்தப் பக்கத்துச் சனம் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தது. கலெக்டர் ஆபீஸில் ஒரு மனு கொடுக்கத் திருநெல்வேலி கொக்கிரகுளம் வரை பஸ் ஏறி வந்தவர்கள். கிடைத்ததும் ஊர்ப்பெயருக்குப் பக்கத்தில் தங்கள் மாவட்டத்தின் பெயரைப் பார்க்க ஆசைப்படுவது இயல்பு. அந்த ஆசையில் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் காலம் என்று ஒன்று இருக்கிறதல்லவா?

சுந்தரபாண்டியபுரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1992இல் வந்த ‘ரோஜா’வின் கதையில் நாயகியின் ஊர் அது. அப்போது அது, நெல்லை கட்டபொம்மன் என்று பெயர் வைத்திருந்த திருநெல்வேலி மாவட்டம். அந்தக் கதைச்சுருக்கத்தில் ‘தென்காசி மாவட்டம், சுந்தரபாண்டியபுரம்’ என்று எழுதினால், இருபத்தேழு வருஷம் கழித்துப் பிறந்த மாவட்டத்தை 1992இல் கொண்டுபோய் வைக்கிறோம். அதே ஊர்ப்பக்கம் 2005இல் ‘அந்நியன்’ பாட்டுக்காக நடிகர்களின் முகங்களை வரைந்த பாறை இருக்கிறது. இன்றைக்கும் ‘அந்நியன் பாறை’ என்று கேட்டால் வழி சொல்லுவார்கள். குற்றாலச் சீசனில் சூரியகாந்தித் தோட்டம் பார்க்க வருகிறவர்கள் அங்கேயும் நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அந்தப் பாறைக்கு இன்று எப்படிப் போவது என்று எழுதும்போது தென்காசி மாவட்டம் என்றுதான் எழுத வேண்டும். ஆக ஒரே ஊர், ஒரு வரியில் அந்தப் பெயர், இன்னொரு வரியில் இந்தப் பெயர், இரண்டும் சரி. இதை வரி வரியாகப் படித்தால்தான் பிரிக்க முடியும். தேடி மாற்றும் பெட்டிக்கு இது தெரியாது.

இதில் என்னை மிகவும் உலுக்கியது வேறொரு வரி. திருநெல்வேலி சந்திப்பு ரயில் நிலையத்தில் எடுத்த ஒரு காட்சியைப் பற்றி நான் எழுதியிருந்தேன். அது ‘தென்காசி சந்திப்பு ரயில் நிலையம்’ ஆகிவிட்டது. தென்காசி சந்திப்பு என்று நிஜமாகவே ஒரு நிலையம் உண்டு. படிக்கிறவர் யாருக்கும் சந்தேகமே வராது, வாக்கியம் அவ்வளவு ஒழுங்காக நிற்கிறது. பதினான்கு மாதம் அப்படியே கிடந்திருக்கிறது. நானும் கவனிக்கவில்லை, வேறு எவரும் கவனிக்கவில்லை.

தென்காசி மட்டுமல்ல. 1986 அக்டோபர் 20இல் தூத்துக்குடிப் பக்கம் தனி மாவட்டமாகப் பிரிந்தது. அதற்கு முன்னால் கோவில்பட்டியில் பிறந்த நடிகர்களுக்கெல்லாம் ‘தூத்துக்குடி மாவட்டத்தில் பிறந்தார்’ என்று போட்டுவிட்டார்கள். என்.எஸ். கிருஷ்ணன் 1908இல் ஒழுகினசேரியில் பிறந்தபோது அது திருவிதாங்கூர் சமஸ்தானம். கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1. கலைவாணர் பக்கத்தில் இந்த ஒரு வரிக்காக மட்டும் நாலு தடவை மல்லுக்கட்டியிருக்கிறேன்.

சரி, தப்பு எல்லோரும் செய்வதுதான். எனக்குத் தாங்க முடியாதது அந்தக் காலிப் பெட்டி. சேமிக்கிற பொத்தானுக்கு மேலே ‘சுருக்கம்’ என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கும். என்ன மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்று ஒரு வரி எழுதுவதற்கு. ‘புது மாவட்டம், அதனால் மாற்றினேன்’ என்று நாலு வார்த்தை எழுதியிருந்தால் போதும், அவர் எதை நினைத்துச் செய்தார் என்று தெரிந்துவிடும், அங்கிருந்து பேச்சைத் தொடங்கலாம். எழுதமாட்டார்கள். அதற்குப் பதில் பக்கத்தில் இருக்கும் ‘சிறு தொகுப்பு’ என்ற கட்டத்தில் மறக்காமல் டிக் அடிப்பார்கள். எழுத்துப்பிழை, விட்டுப்போன புள்ளி இதற்காக வைத்த கட்டம் அது. நிறையப் பேர் பட்டியலில் சிறு தொகுப்புகளை மறைத்து வைத்துத்தான் பார்க்கிறார்கள். ஒரு மாவட்டத்தையே மாற்றிவிட்டு அதைச் சிறியது என்று குறித்தால், யார் கண்ணிலும் படாமல் போய்விடுகிறது.

ஒவ்வொரு பக்கத்துக்கும் விவாதிக்க என்று ஒரு பேச்சுப் பக்கம் உண்டு, அங்கே போய் எழுதினேன். மரியாதையாகத்தான் எழுதினேன்: ‘வணக்கம். இந்தப் படம் 1992. அப்போது தென்காசி தனி மாவட்டம் இல்லை. தற்போதைய மாவட்டத்தைத் தனி வரியில் கொடுக்கலாமா?’ பதில் இல்லை. பத்து நாள் பார்த்துவிட்டு மீளமைத்தேன், அதாவது பழையபடி ஆக்கினேன். மறுநாள் மறுபடியும் −12, பெட்டி காலி. மீண்டும் எழுதினேன், மீளமைத்தேன். மறுபடி −12. ஒரே நாளில் மூன்று தடவைக்கு மேல் மீளமைக்கக் கூடாது என்று ஆங்கில விக்கிப்பீடியாவில் இருக்கும் விதியை எங்கள் விக்கியிலும் வைத்திருக்கிறார்கள். நல்ல விதிதான். ஆனால் வாய் திறக்காதவனோடு சண்டை போடும்போது, எண்ணி எண்ணி நிறுத்த வேண்டியவன் பேசுகிறவனாக இருக்கிறான்.

மற்றப் பழக்கங்களைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். ஒரு காற்புள்ளிக்கு ஒரு சேமிப்பு என்று ஒரே பக்கத்தில் நாற்பது தடவை சேமிக்கிறவர்கள் இருக்கிறார்கள். நடுவில் ஒருவர் வருஷத்தை ஒரு எண் மாற்றிவைத்தால் அந்தக் கூட்டத்தில் கண்டுபிடிக்கவே முடியாது. நடிகர் பெயர் வரும் இடமெல்லாம் பட்டப்பெயரைச் சேர்க்கிறவர்கள். வசூல் கோடியை ஆதாரமில்லாமல் ஏற்றுகிறவர்கள், எதிர் நடிகர் படத்தின் கோடியை இறக்குகிறவர்கள். பக்கத்தின் பெயரை மாற்ற ‘நகர்த்து’ என்று வழி இருக்கும்போது மொத்தத்தையும் வெட்டிப் புதுப் பக்கத்தில் ஒட்டுகிறவர்கள். பழைய வரலாறு அங்கேயே அனாதையாகக் கிடக்கும், பத்துப் பேர் எழுதியது ஒட்டினவர் ஒருவர் பெயரில் வந்து நிற்கும்.

பேச்சுவழக்கைத் ‘திருத்துகிற’ ஆட்கள் தனி. நம்ம பக்கத்துக் கதை நடக்கும் படங்களின் பக்கங்களில், பாத்திரம் பேசுவதை அப்படியே கொடுப்போம். ‘சொல்லுதேன்’ என்று இருந்தால் ஒருவர் வந்து ‘சொல்கிறேன்’ ஆக்குவார். ‘வாரியளா’ அவருக்கு எழுத்துப்பிழை. ‘அங்கன’ என்பது ‘அங்கே’ ஆகிவிடும். சென்னையில் உட்கார்ந்து திருத்துகிறார்கள் என்று நினைத்தேன். ஒருவரிடம் கேட்டபோது பாளையங்கோட்டைக்காரர் என்று தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள், விக்கியில் சுத்தமாக எழுத வேண்டாமா என்று கேட்டார். அவர் பதிலாவது சொன்னார். ஒரு மணி நேரம் பேசினோம், இப்போது அவரே அந்தப் பக்கங்களைக் காவல் காக்கிறார்.

இவ்வளவு வயிற்றெரிச்சலோடு ஏன் எட்டு வருஷம் என்று கேட்பீர்கள். ஒரு சம்பவம் சொல்கிறேன். அக்ரஹாரத்தில் எடுத்த ஒரு பழைய படத்தின் பக்கத்தில், படப்பிடிப்பு இடம் அம்பாசமுத்திரம் என்று பல வருஷமாக இருந்தது. ஒருநாள் கணக்குகூட இல்லாத ஒருவர் அதை ‘கல்லிடைக்குறிச்சி’ என்று மாற்றியிருந்தார். மீளமைக்கத்தான் கை போனது. அப்புறம்தான் சுருக்கத்தைப் பார்த்தேன்: ‘எங்க ஆச்சி வீட்டுத் திண்ணை. எதிர் வீட்டு நடையில் நின்னு பார்த்தேன். ஆத்துக்கு அந்தப் பக்கம் அம்பை, இந்தப் பக்கம் கல்லிடை.’

ஞாயிற்றுக்கிழமை படத்தின் காட்சியைப் போனில் நிறுத்திவைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். மூன்றாவது தெருவில் கண்டுபிடித்துவிட்டேன். திண்ணையின் மரத்தூணில், முழங்கால் உயரத்தில் ஒரு பிளவு. படத்திலும் அதே தூண், அதே பிளவு. வீட்டுக்காரர் மோர் கொடுத்தார். தூணைப் படம் எடுத்து, பக்கத்தில் போட்டு, பெட்டியில் யார் சொல்லிப் போய்ப் பார்த்தேன் என்று எழுதினேன். அந்த மனிதர் பிறகு வரவே இல்லை. அந்த ஒரு வரிச் சுருக்கத்தை எத்தனை தடவை படித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

நானும் கெட்ட பழக்கம் பழகினவன்தான். 2018இல் ஒரு படத்தின் பாலக் காட்சியைப் பார்த்து, வளைவுகளை வைத்து, 1843இல் திறந்த நம்ம சுலோசன முதலியார் பாலம் என்று அடித்துச் சொல்லிவிட்டேன். ஆதாரம் கொடுக்கவில்லை. அதை ஒரு யூடியூப் சேனல் எடுத்துப் பேசியது. ஒரு வருஷம் கழித்து வேறொருவர் அந்தச் சேனலையே என் வரிக்கு ஆதாரமாகச் சேர்த்தார். அப்போது மறுபடி காட்சியைப் பார்த்தேன், தூரத்தில் மலை இருக்கும் திசையே வேறு. எடுத்துவிட்டேன். ‘ஆதாரம் இருக்கிறதே, ஏன் எடுத்தாய்’ என்று கேட்டுத் திரும்பச் சேர்த்தார்கள். அது என் பொய் என்று நிரூபிக்க எனக்கு இரண்டு மாதம் ஆனது. அதனால்தான் காலிப் பெட்டியைப் பார்த்தால் எனக்கு இவ்வளவு கோபம். அன்றைக்கு என் பெட்டியும் காலி. ‘ஊகம், சரிபார்க்கவும்’ என்று இரண்டு வார்த்தை எழுதியிருந்தால் அந்தப் பொய் ஜங்ஷனைத் தாண்டியிருக்காது.

மென்பொருளில் ஒரு குறையும் இல்லை. எங்கள் விக்கி ஓடுவது மீடியாவிக்கி என்ற மென்பொருளில், அது 2002இலிருந்து ஓடுகிறது. எட்டு வருஷத்தில் நான் எழுதியது ஒரு எழுத்துகூடத் தொலையவில்லை, அழித்தவன் அழித்ததுகூட வரலாற்றில் இருக்கிறது. இதைவிட நேர்மையான ஒரு நோட்டுப் புத்தகத்தை நான் பார்த்ததில்லை. ஆனாலும் இந்த விக்கிக்கு மதிப்பெண் போடச் சொன்னால் ஐந்துக்கு இரண்டுதான் கொடுப்பேன். போன மாதம் கேட்டிருந்தால் நாலு கொடுத்திருப்பேன்.

தம்பிக்கு அன்று சொன்ன பதில்: “இப்ப வேண்டாம்லே.”

“அப்ப நீங்க விட்டுருவியளா?” என்றான்.

ஏழில் மூன்று பக்கங்களைச் சரிசெய்துவிட்டேன். இன்னும் நாலு கிடக்கிறது. இன்று ராத்திரி கடை அடைத்தபின் ‘ரோஜா’ பக்கம். சுருக்கத்தில் எழுத வேண்டியதை மத்தியானமே கணக்கு நோட்டில் குறித்துவைத்திருக்கிறேன்: ‘கதை நடக்கும் காலத்தில் திருநெல்வேலி மாவட்டம். தென்காசி மாவட்டம் 22.11.2019 முதல். மாற்ற விரும்பினால் பேச்சுப் பக்கத்தில் ஒரு வார்த்தை சொல்லவும்.’