மிஷன் பள்ளியா, தமிழ்ப்பள்ளியா?

மலேசியாவின் பினாங்கில் எங்களைப் போன்ற தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு முதலாம் ஆண்டுப் பதிவின்போது இந்தக் கேள்வி வந்துவிடும். என் மகள் மிஷன் பள்ளியில் படிக்கிறாள், மகன் தமிழ்ப்பள்ளியில்.

இங்குள்ள பழைய மிஷன் பள்ளிகளான கான்வென்ட் லைட் ஸ்ட்ரீட்டும் செயின்ட் சேவியரும் 1852இல் தொடங்கியவை. தமிழ்க் கல்வி 1816இலேயே பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் ஒரு வகுப்பாக ஆரம்பித்துவிட்டது. அந்தப் பள்ளியை நிறுவியவரும் ஒரு பாதிரியார்தான்.

மிஷன் பள்ளி என்றதும் பைபிள் வகுப்பு என்று நினைக்க வேண்டாம். இரண்டிலும் அரசுப் பாடத்திட்டம், முஸ்லிம் அல்லாத பிள்ளைகளுக்கு நன்னெறிக் கல்வி. வித்தியாசம் மொழியில்தான். மகளின் பள்ளியில் மலாய் வழி. அங்கே தமிழ் வகுப்பு வேண்டுமென்றால் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்க வேண்டும். பள்ளி வாசலில் நின்று ஒவ்வொரு அம்மாவிடமும் பேசினேன்.

மகனின் பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் என் மாமியாரே எழுந்து கேள்வி கேட்பார். கோத்தோங் ரோயோங் (எல்லாரும் கூடிச் செய்யும் பொதுவேலை) என்றால் அப்பாக்கள் சாயவாளியோடு வந்துவிடுவார்கள். மகளின் பள்ளிச் சுற்றறிக்கையை மாமியார் பேசாமல் என்னிடம் நீட்டிவிடுவார். ஆனால் மலாய், சீனத் தோழிகளோடு அவள் பழகும் அழகு தம்பிக்கு இன்னும் வரவில்லை.

இரவு ஜெபத்தில் 23ஆம் சங்கீதத்தை அவன் தடுமாறாமல் வாசிக்கிறான். அக்கா விரல் வைத்து எழுத்துக்கூட்டுகிறாள். என்னைக் கேட்டால், முதல் ஆறு ஆண்டுகளுக்குத் தமிழ்ப்பள்ளிதான்.